கிளட்ச் பெடல் தரையோடு போனால்...

வண்டி வைத்தியம்



இந்த முறை டயர் தேய்மானத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த இதழுக்குப் போகட்டும். சென்ற மாதம் எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்று அதைவிட அவசரமாக எனக்குப் பட்டது. பிக்கப் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இதை வெட்டி எடுத்து வைத்துக் கொள்ளலாம்.

எங்கள் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குலை வெட்டிய ஒருவர் ஓய்வு பெற்றார். கைக்கு வந்த சேமநிதிப் பணத்தில் ஒரு பழைய டீசல் பிக்கப்பை வாங்கி மகனிடம் கொடுத்தார். பையனுக்கு இருபத்து மூன்று வயது. சுற்று வட்டாரத்தில் நாலு ஏக்கர், ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர்களின் குலைகளை ஏற்றிப் பழம் வாங்கும் இடத்தில் இறக்கிவிடுவது அவன் தொழில். செம்பனைப் பழம் காத்திருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். வெட்டிய இருபத்து நாலு மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போவதுதான் நல்லது. நேரம் ஆக ஆக எண்ணெயில் புளிப்பு ஏறும், தரம் இறங்கும். ஒரு நாள் வண்டி வராவிட்டால் தோட்டக்காரர் பொறுப்பார். மூன்று நாள் வராவிட்டால் வேறு வண்டியைக் கூப்பிடுவார்.

ஒரு சாயங்காலம் அந்தப் பையன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் செத்துப் போயிருந்தது.

"மாமா, கிளட்ச் போச்சு மாமா. பட்டறையில முழு செட்டும் மாத்தணும்னு சொல்றாங்க. கியர்பாக்ஸ் இறக்கணுமாம். ஆயிரத்து இருநூறு வெள்ளி ஆகுமாம். அம்மா சங்கிலியைக் கழட்டிக் கொடுத்துட்டாங்க. காலையில அடகுக் கடைக்குப் போகணும்."

"பெடல் என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"முச்சந்தியில கியர் போட்டு, கிளட்சை அழுத்திக்கிட்டு நின்னேன் மாமா. கொஞ்ச நேரத்துல பெடல் தானா உள்ள போன மாதிரி இருந்துச்சு. வண்டி மெல்ல நகருது. முன்னால ஒரு பாட்டி சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. பிரேக்கை மிதிச்சதும் இஞ்சின் நின்னுடுச்சு. நல்ல வேளை."

"பட்டறையில என்ன பார்த்தாங்க?"

"டப்பாவைத் திறந்து பார்த்தாங்க. எண்ணெய் நிறைய இருக்கு, எங்கேயும் ஒழுகலே, அப்படின்னா பிளேட்தான் போச்சுன்னு சொன்னாங்க."

அந்தப் பட்டறைக்காரரை நான் திருடன் என்று சொல்ல மாட்டேன். ஏனென்றால் இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன்.

தோட்டப் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. தோட்டத்து பிக்கப் ஒன்றில் கியர் விழவில்லை, கரகரவென்று சத்தம். பிளேட் போய்விட்டது என்று நானே முடிவு கட்டினேன். இரண்டு நாள் முக்கி முனகி கியர்பாக்ஸை இறக்கினேன். புது பிளேட் போட்டு மறுபடியும் ஏற்றினேன். சாவியைத் திருப்பி, பெடலை அழுத்தி, கியரைத் தள்ளினால் அதே கரகர! எங்கள் போர்மன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "கழற்றுவதற்கு முன்னே பெடலைக் கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை. கோளாறு மேலே இருந்த சின்ன ரப்பரில். நான் கழற்றிப் போட்ட பழைய பிளேட் இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்கும்.

அன்று படித்த பாடம்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போவது. பிளேட் போயிற்றா, பம்ப் போயிற்றா என்பதைக் கியர்பாக்ஸை இறக்காமலே, பத்து நிமிடத்தில், ஒரு காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம்.

பெடலுக்கும் பிளேட்டுக்கும் நடுவில்

முதலில் வேலை நடக்கும் விதத்தைப் பார்ப்போம்.

உங்கள் கால் பெடலை அழுத்துகிறது. பெடலோடு இணைந்த ஒரு கம்பி, இஞ்சின் பக்கத்துச் சுவரில் பொருத்தியிருக்கும் ஒரு சிறு சிலிண்டருக்குள் பிஸ்டனைத் தள்ளுகிறது. இதைக் கடையில் மேல் பம்ப் என்பார்கள். அதன் தலையில் அல்லது பக்கத்தில் எண்ணெய் டப்பா இருக்கும். பிஸ்டன் தள்ளிய எண்ணெய் இரும்புக் குழாய் வழியாக இறங்கி, ஒரு ரப்பர் குழாயைக் கடந்து, கியர்பாக்ஸ் மூக்கின் ஓரத்தில் இருக்கும் இன்னொரு சிலிண்டருக்குப் போகிறது. அது கீழ் பம்ப். கீழ் பம்பின் கம்பி ஒரு கவட்டையைத் தள்ளுகிறது. கவட்டை பேரிங்கைத் தள்ளுகிறது. பேரிங் அழுத்துத் தட்டின் விரல்களை அமுக்க, பிளேட் விடுபடுகிறது. இஞ்சின் சுற்றினாலும் கியர்பாக்ஸுக்குச் சுற்று போகாது. அப்போதுதான் கியர் சத்தமில்லாமல் விழும்.

அடைத்து வைத்த திரவத்தில் ஒரு பக்கம் கொடுத்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போகும் என்பதை விளக்கியவர் பிரான்சு நாட்டு பாஸ்கல். 1623ல் பிறந்து 1662ல் மறைந்தவர். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவர் பெயரைப் படித்திருப்பார்கள். அவர் சொன்னதுதான் நம் வண்டியிலும் நடக்கிறது.

ஒரு கணக்கு. மேல் பம்ப் குழலின் அகலம் 5/8 அங்குலம், கீழ் பம்ப் 13/16 அங்குலம் என்று வைத்துக் கொள்ளுங்கள். கீழே இருப்பதன் பரப்பு ஏறக்குறைய 1.7 மடங்கு பெரிது. ஆகவே கீழே கிடைக்கும் பலம் 1.7 மடங்கு. ஆனால் பலம் சும்மா வராது. கீழே கம்பி நகரும் தூரம் அதே அளவுக்குக் குறையும். பெடல் ஒரு சாண் அளவுக்கு இறங்கினாலும் கீழ் பம்பின் கம்பி ஒரு விரல் அகலம் போல்தான் நகரும். அந்த விரல் அகலத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பிளேட் முழுசாக விடுபடாது. எண்ணெய் சிறிது ஒழுகினாலும், ஒரு குமிழ் காற்று புகுந்தாலும் கியர் கரகர என்பது இதனால்தான். எண்ணெயை அமுக்கிச் சுருக்க முடியாது. காற்றைச் சுருக்கலாம். காற்று இருந்தால் உங்கள் கால் பலம் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும்.

சில பழைய சிறு பிக்கப்புகளில் எண்ணெய் கிடையாது, கேபிள்தான் உண்டு. அதில் கேபிள் இழை பிரிந்திருக்கிறதா, நீண்டு தொய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

பத்து நிமிடச் சோதனை

பையனின் வண்டியை எங்கள் வீட்டுக்கு முன்னால் சமதரையில் நிறுத்தச் சொன்னேன். கைப்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்தோம். இஞ்சினை நிறுத்தினோம். பிறகு வரிசையாக ஆரம்பித்தோம்.

முதல் சோதனை: டப்பாவைப் பார்ப்பது. எண்ணெய் குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். ஒழுகும் இடத்தைத் தேடுங்கள். சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். அங்கே எண்ணெய் குறைந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. எண்ணெய் சேறு போல் கறுத்திருந்தால் ரப்பர் தேய்ந்து கரைந்திருக்கிறது, அல்லது பல வருடமாக எண்ணெயே மாற்றவில்லை என்று பொருள். பையனின் டப்பா நிறைந்திருந்தது. ஆனால் எண்ணெய் கறுப்புக் காப்பி நிறம்.

இரண்டாவது: ஈரம் தேடுவது. மூன்று இடம். ஒன்று, பெடலுக்கு மேலே கம்பி உள்ளே போகும் இடம். கையை விட்டுத் தடவுங்கள். மேல் பம்பின் பின் ரப்பர் போனால் அங்கே ஈரம் இருக்கும், கால் விரிப்பும் நனையும். இரண்டு, குழாய் மூட்டுகளும் ரப்பர் குழாயும். ஒருவர் பெடலை அழுத்தும்போது இன்னொருவர் ரப்பர் குழாயைக் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். அது பலூன் போல் உப்பினால் மாற்ற வேண்டியதுதான். மூன்று, கீழ் பம்பின் நுனியில் இருக்கும் தூசி ரப்பர். அதன் ஓரத்தை மெல்ல விலக்குங்கள். எண்ணெய் சொட்டினால் கீழ் பம்ப் போய்விட்டது. பையனின் வண்டியில் மூன்று இடமும் காய்ந்து கிடந்தன.

மூன்றாவது: பம்ப் அடிப்பது. பெடலை வேகமாக நாலைந்து முறை அழுத்திவிட்டு மறுபடியும் அழுத்திப் பாருங்கள். முன்பு தரையோடு போன பெடல் இப்போது மேலேயே நின்றால், உள்ளே காற்று இருக்கிறது, அல்லது ரப்பர் சரியாகப் பிடிக்கவில்லை. தேய்ந்த பிளேட் பம்ப் அடித்தால் குணமாகாது! இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலே போதும். பையனின் பெடல் பம்ப் அடித்ததும் நன்றாக ஏறி நின்றது.

நான்காவது: பிடித்து வைப்பது. பெடலை முக்கால் அளவு அழுத்தி, அதே பலத்தில் ஒரு நிமிடம் வைத்திருங்கள். நல்ல பெடல் கல் மாதிரி நிற்கும். கெட்டது, சேற்றில் நின்ற கால் மாதிரி மெல்ல மெல்லப் புதையும். பையன் முகம் மாறியது. "மாமா, எறங்குது!" என்றான்.

ஐந்தாவது: கீழ் பம்பின் கம்பியைப் பார்ப்பது. இதுதான் தீர்ப்பு சொல்லும் சோதனை. இஞ்சின் நின்றபடியே இருக்க வேண்டும். ஒருவர் பெடலை முழுதும் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் வண்டியின் பக்கத்திலிருந்து டார்ச் லைட் அடித்துக் கம்பியைப் பார்க்க வேண்டும். பிக்கப் உயரமான வண்டி. பல வண்டிகளில் ஜாக் போடாமலே, ஓரத்தில் குனிந்தே பார்த்துவிடலாம். மூன்றில் ஒன்று தெரியும்.

கம்பி போதிய தூரம் போய் அங்கேயே நின்றால் பம்புகள் இரண்டும் நல்லவை. கியர் அப்படியும் விழவில்லை என்றால் கோளாறு உள்ளே. பிளேட், அழுத்துத் தட்டு, கவட்டை, பேரிங் இவற்றில் ஒன்று. அப்போது கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

கம்பி கொஞ்சமாக மட்டும் நகர்ந்தால் காற்று, அல்லது ஒழுக்கு, அல்லது பெடல் அளவு தவறியிருக்கிறது.

கம்பி போய்விட்டு, பெடல் அழுத்தியபடியே இருக்கும்போது மெல்லத் திரும்பி வந்தால் எண்ணெய் எங்கேயோ நழுவுகிறது.

பையனின் வண்டியில் மூன்றாவதுதான் நடந்தது. இப்போது யோசித்துப் பாருங்கள். எண்ணெய் நழுவுகிறது, ஆனால் வெளியே ஒரு சொட்டு இல்லை, டப்பாவும் குறையவில்லை. அப்படியானால் எண்ணெய் எங்கே போகிறது? கீழ் பம்ப் நழுவினால் எண்ணெய் வெளியே வந்தே தீரும். அதற்கு வேறு வழி கிடையாது. மேல் பம்பில் மட்டும்தான், பிஸ்டனின் முன் ரப்பர் தேய்ந்தால், எண்ணெய் ரப்பரைத் தாண்டிப் பின்னால் போய் மறுபடி டப்பாவுக்கே திரும்ப முடியும். வெளியே ஈரம் தெரியாது. டப்பா நிறைந்தே இருக்கும்.

பட்டறைக்காரர் ஏமாந்தது இந்த இடத்தில்தான். நான் அந்தக் காலத்தில் ஏமாந்ததும் இதே இடத்தில்தான். எண்ணெய் குறையவில்லை என்பதால் பம்ப் நல்லது என்று சொல்ல முடியாது.

எப்போது பிளேட்தான்?

எல்லாவற்றுக்கும் பம்ப்தான் காரணம் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. பிளேட் தேய்ந்தால் வேறு விதமாகச் சொல்லும். மேட்டில் பாரம் ஏற்றி ஏறும்போது இஞ்சின் கத்தும், வண்டி ஏறாது, கருகிய வாடை வரும். இது பிளேட் வழுக்குவது. இங்கேயும் ஒரு எச்சரிக்கை. பெடலில் விளையாட்டு, அதாவது அழுத்த ஆரம்பித்ததும் பலமில்லாமல் சும்மா நகரும் அந்தச் சிறு இடைவெளி, இல்லாமல் போனாலும் பிளேட் வழுக்கும். காலை எப்போதும் பெடல்மேல் வைத்தே ஓட்டுபவர்களுக்கும் இதே கதிதான்.

பெடலை அழுத்தியதும் கீச்சென்றோ கர்ரென்றோ சத்தம் வந்து, விட்டதும் நின்றால் பெரும்பாலும் பேரிங். பெடல் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனால் அழுத்துத் தட்டு களைத்திருக்கலாம், கவட்டை உட்காரும் இடம் காய்ந்திருக்கலாம். பெடல் பக்கவாட்டில் ஆடினால் புஷ்ஷும் இணைப்பு ஊசியும் தேய்ந்திருக்கும். இதற்கு மருந்து மிகவும் மலிவு.

கிளட்ச் சரியாக விடுபடுகிறதா என்று அறிய ரிவர்ஸ் கியர் நல்ல சாட்சி. பல வண்டிகளில் முன்னோக்கிய கியர்களுக்கு இருக்கும் சமன்படுத்தும் வளையம் ரிவர்ஸுக்கு இல்லை. அதனால் கிளட்ச் கொஞ்சம் இழுத்தாலும் ரிவர்ஸ்தான் முதலில் கத்தும். திறந்த இடத்தில், முன்னும் பின்னும் ஆள் இல்லாதபோது, இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பெடலை அழுத்தி ஐந்து எண்ணிவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

மேல் பம்பைச் சரி செய்தது

மறுநாள் காலையில் அடகுக் கடைக்குப் போகாமல் நானும் பையனும் வண்டியில் கை வைத்தோம். எண்ணெயை ஊசிக் குழலால் உறிஞ்சி எடுத்தோம். பிரேக் எண்ணெய் சாயத்தைத் தின்றுவிடும் என்பதால் கீழே துணி விரித்து, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் வைத்தோம். உள்ளே பெடல் பக்கத்தில் இணைப்பு ஊசியின் கிளிப்பைக் கழற்றினோம். இஞ்சின் பக்கத்தில் குழாய் நட்டைத் திறந்தோம். அந்த நட்டு பித்தளை போல் மிருதுவானது. தளர்ந்த ஸ்பானர் போட்டால் மூலை மழுங்கிவிடும். குழாய் நட்டுக்கென்றே இருக்கும் ஸ்பானர் இருந்தால் நல்லது. பிறகு சுவரில் இருந்த இரண்டு நட்டைக் கழற்றியதும் பம்ப் கைக்கு வந்தது.

பின்னால் உள்ள வளையத்தை எடுத்தால் பிஸ்டன் வெளியே வரும். முன் ரப்பரின் உதடு ஒரு பக்கம் தேய்ந்து கூர் மழுங்கியிருந்தது. பையன், "அப்போ ரப்பர் கிட் மட்டும் போட்டா போதுமா மாமா?" என்று கேட்டான். அவனுக்குச் செலவு குறைய வேண்டும்.

குழலுக்குள் விளக்கடித்து, நகத்தால் சுவரை வருடிப் பார்க்கச் சொன்னேன். நகம் தடுக்கியது. துருப் பள்ளம். குழல் கண்ணாடி போல் வழுவழுப்பாக இருந்தால் ரப்பர் கிட் போதும். நகம் தடுக்கினால் புது ரப்பரும் சில வாரத்தில் கிழியும். அதனால் முழு மேல் பம்பாகவே வாங்கச் சொன்னேன். கடைக்குப் போகும்போது பழைய பம்பைக் கையில் கொண்டு போங்கள். பல பம்புகளின் உடம்பில் 5/8, 3/4 என்று அங்குல அளவு வார்த்திருக்கும். ஒரே மாதிரி தோன்றும் பம்புகள் அளவில் மாறும். அளவு மாறினால் பெடலும் மாறிப் போகும். கீழ் பம்புக்கு ஒரு ரப்பர் கிட்டும் வாங்கிவரச் சொன்னேன். கறுத்த எண்ணெயில் ஊறிய மேல் ரப்பர் போனால் கீழ் ரப்பரும் வெகுநாள் தாங்காது.

எண்ணெய் விஷயத்தில் கருமித்தனம் வேண்டாம். டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். அதையே வாங்குங்கள். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. புது டாட் 3 எண்ணெய்க்குக் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் குடித்தபின் 140 டிகிரி இருந்தாலே போதும் என்று அதே விதி சொல்கிறது. ஈரம் எவ்வளவு கெடுதல் செய்கிறது என்று பாருங்கள்! துருப் பள்ளமும் அந்த ஈரத்தால்தான் வருகிறது. நம் நாட்டு மழைக்கும் புழுக்கத்துக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுவது என் வழக்கம். திறந்து வைத்துப் பல மாதமான பாதி டப்பா எண்ணெயை ஊற்றாதீர்கள். இஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதையும் அவசரத்துக்குக்கூட ஊற்றாதீர்கள். ரப்பர் எல்லாம் ஊறி உப்பிப் போகும். ரப்பரைப் பெட்ரோலில் கழுவவும் கூடாது. பிரேக் எண்ணெயிலேயே கழுவி, அதையே தடவிப் பூட்ட வேண்டும்.

காற்று எடுப்பது

புது பம்பைப் பூட்டி, கீழ் பம்புக்கும் ரப்பர் மாற்றியபின் காற்று எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். பையனின் தங்கை, படிவம் ஐந்து படிப்பவள், "நான் மிதிக்கிறேன் மாமா" என்று ஏறி உட்கார்ந்தாள்.

டப்பாவை நிரப்பினோம். கீழ் பம்பில் உள்ள காற்றுத் திருகின் முனையில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிய போத்தலுக்குள் மூழ்க வைத்தோம். பிறகு ஒரே பாட்டு: அவள் மெதுவாக நாலைந்து முறை மிதித்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு "பிடிச்சிட்டேன்" என்பாள். நான் திருகை அரைச் சுற்று திறப்பேன். குமிழோடு எண்ணெய் வரும், பெடல் கீழே போகும். நான் திருகை மூடிவிட்டு "விடு" என்பேன். அதற்குப் பிறகுதான் அவள் காலை எடுக்க வேண்டும். திருகு திறந்திருக்கும்போது காலை எடுத்தால் காற்று மறுபடியும் உள்ளே போய்விடும். நாலைந்து சுற்றுக்கு ஒரு முறை பையன் டப்பாவை நிரப்பினான். டப்பா காலியானால் வேலை முதலிலிருந்து ஆரம்பிக்கும்! முதலில் கறுப்புத் தண்ணீர், பிறகு குமிழ், கடைசியில் தேன் நிறத்தில் சுத்தமான எண்ணெய். குமிழ் நின்றதும் திருகை இறுக்கினோம்.

கடைசியாகப் பெடல் விளையாட்டு. பல பிக்கப்புகளில் இது 5 முதல் 15 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். உங்கள் வண்டிக் கையேடு சொல்வதே சரி. அடிக்கோல் வைத்து, கை விரலால் பெடலை அழுத்தி அளக்கலாம். மேல் பம்பின் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மயிரிழை இடைவெளியாவது இருந்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதும் திரும்பாது, எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துவாரம் மூடியே கிடக்கும், வண்டி சூடேறியதும் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். நாமே ஒரு நல்ல பிளேட்டைக் கருக்கியவர்கள் ஆவோம்.

இவற்றை மறக்காதீர்கள்

கிளட்ச் சரியாக விடுபடாத வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். கியரில் இருக்கும் வண்டி தானே நகரும் என்பதைப் பையனின் கதையில் பார்த்தீர்கள். பிள்ளைகள் விளையாடும் லயத்து வாசலில் சோதனை ஓட்டமும் வேண்டாம்.

கீழே படுக்க வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். உறுதியான தாங்கிகள் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். செங்கல்லும் சிமெண்டுக் கட்டியும் பாரத்தில் பொடிந்து போகும். தாங்கி இல்லையா, படுக்காதீர்கள்; பட்டறையில் விடுங்கள். கியர்பாக்ஸை இறக்குவது வீட்டு வேலை அல்ல.

எண்ணெய் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கிளினிக்குக்குப் போங்கள். பழைய எண்ணெயைக் கால்வாயில் கொட்டாதீர்கள். பழைய கிளட்ச் பிளேட்டின் தூசியை ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ வேண்டாம். அந்தக் கால பிளேட்டுகளில் கல்நார் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

பட்டறைக்குப் போனாலும் பயந்துகொண்டு நிற்காதீர்கள். மரியாதையாகவே கேளுங்கள்: "பெடலைப் பிடித்து வைத்துப் பார்த்தீர்களா? கீழ் பம்பின் கம்பி எவ்வளவு நகருது, காட்டுங்கள்." நல்ல தொழிலாளி கோபிக்க மாட்டார், காட்டுவார். காட்ட மறுப்பவரிடம் வண்டியை விட்டு வராதீர்கள்.

அன்று மத்தியானம் பையன் வண்டியை எடுத்தான். பெடல் கல் மாதிரி நின்றது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. பம்ப், கிட், எண்ணெய் எல்லாம் சேர்த்து நூற்றைம்பது வெள்ளிக்குள் முடிந்தது. சாயங்காலமே நாலு ஏக்கர்காரரின் குலையை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

இரவு அவன் அம்மா ஒரு தூக்குச் சட்டியில் கோழிக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். கழுத்தில் சங்கிலி இருந்தது. "அண்ணே, இவன் அப்பா முப்பது வருசம் வெட்டுன காசு அந்த வண்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பையனுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். வண்டி கெட்டுப் போனால் முதலில் கை ஸ்பானரைத் தேட வேண்டாம். கால் பெடலில் இருக்கட்டும், கண் கம்பியில் இருக்கட்டும். கழற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த இதழில், சொன்னபடி, டயர். ஒரு பக்கம் மட்டும் தேயும் டயர் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வணக்கம்.